டார்ட் போட்டாச்சு, ஆனா ஏதோ சரியில்ல: மயக்க ஊசி வேலையில வர்ற சிக்கல், அப்ப என்ன பாக்கணும், என்ன செய்யணும்

இத எழுதறது புதுசா டியூட்டிக்கு வர்ற கால்நடை டாக்டருங்க, ஜூ கீப்பருங்க, வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிங்க இவங்களுக்காகத்தான். நான் டாக்டர் இல்ல, டாக்டர் கூடவே மருந்துப் பெட்டி தூக்கிட்டு 14 வருஷமா காட்டுலயும் ஜூவிலயும் சுத்தற உதவியாளர். அதனால டோஸ் கணக்கு எதுவும் இதுல இருக்காது, அது இனம், எடை, உடம்பு நிலை, பாட்டில்ல மருந்து எவ்வளவு கெட்டியா இருக்குங்கறது எல்லாம் பாத்து டாக்டர் போடற கணக்கு. அதோட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 படி புலி, யானை, சிறுத்தை மாதிரி முதல் அட்டவணை விலங்க காட்டுல மயக்க ஊசி போட்டுப் பிடிக்க தலைமை வன உயிரினக் காப்பாளரோட எழுத்து உத்தரவு வேணும், அது கையில வராம துப்பாக்கிய உறையிலருந்து எடுக்கவே கூடாது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. டார்ட், அதாவது துப்பாக்கியில சுடற மயக்க ஊசி, பட்ட அந்த நிமிஷத்துல மணி என்னன்னு எழுதணும். நான் இடது கை மேலயே பால்பாயிண்ட் பேனாவால எழுதிடுவேன், பேப்பர் மழையில நனைஞ்சிடும், போன் சார்ஜ் போயிடும், கை எங்கயும் போகாது. கீழ சொல்லப்போற ஒவ்வொரு சிக்கல்லயும் டாக்டர் கேக்கற முதல் கேள்வி "எத்தனை நிமிஷம் ஆச்சு"ன்னுதான் இருக்கும், அதுக்கு "ஒரு அரை மணி இருக்கும் சார்"னு சொன்னா அந்த விலங்குக்கு நாம துரோகம் பண்றோம்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் பெரும்பாலும் ஓடறது சைலசின், கேடமின்னு ரெண்டு மயக்க மருந்து சேந்த கலவை. ஜெர்மனில மியூனிக் ஹெல்லாப்ருன் ஜூவில பழக்கத்துக்கு வந்த கலவை ஒண்ணு இருக்கு, 1 மில்லியில 125 மி.கி. சைலசினும் 100 மி.கி. கேடமினும் இருக்கும், சின்ன டார்ட்லயே நிறைய மருந்து போகணும்னு அவ்வளவு கெட்டியா கலக்கறது. இதுல மனசுல வெச்சுக்க வேண்டியது, சைலசினுக்கு யோஹிம்பின், அடிபாமசோல்னு மாற்று மருந்து (மயக்கத்த முறிச்சு எழுப்பற மருந்து) இருக்கு, கேடமினுக்கு இல்ல. அது உடம்புலருந்து தானா கரைஞ்சுதான் போகணும். வர்ற சிக்கல்ல பாதி இந்த ஒரு விஷயத்துலருந்துதான் கிளம்புது.

டார்ட் பட்டுச்சு, 15 நிமிஷம் ஆச்சு, இன்னும் நிக்குது

உடனே ரெண்டாவது டார்ட் லோடு பண்ணாதீங்க. முதல்ல போட்ட டார்ட்ட தேடுங்க. கீழ விழுந்திருந்தா எடுத்துப் பாருங்க (கிளவுஸ் போட்டுக்கிட்டு, ஊசி முனைய வெளிப்பக்கம் திருப்பிப் பிடிச்சு). நைலான் டார்ட்ல முன்பக்க அறையில மருந்து, பின்பக்க அறையில அடைச்ச காத்து. ஊசி முனையில ஓட்டை இருக்காது, பக்கவாட்டுல இருக்கும், அத ஒரு சின்ன சிலிக்கான் உறை மூடியிருக்கும். ஊசி தோல்ல இறங்கறப்ப அந்த உறை பின்னாடி தள்ளிப்போயி ஓட்டை திறக்கும், பின்னாடி இருக்கற காத்து மருந்த உள்ள தள்ளும். அதனால உறை இன்னும் ஓட்டைய மூடிட்டு இருக்கா, மருந்து அப்படியே இருக்கா, அப்போ ஒரு சொட்டு கூட உள்ள போகல. உறை நகந்திருக்கு, டார்ட் காலி, ஆனா விலங்கோட முடி அந்த இடத்துல நனைஞ்சு ஒட்டிட்டு இருக்குன்னு பைனாகுலர்ல தெரியுதா, அப்போ பாதி வெளிய பீச்சிடுச்சு. காலி, முடியும் காஞ்சிருக்குன்னா மருந்து உள்ளதான் போயிருக்கு, ஆனா தசையில போச்சா கொழுப்புல போச்சாங்கறது வேற கேள்வி. கரடிக்கு முடியும் கொழுப்பும் ஜாஸ்தி, யானைக்குத் தோலே சில இடத்துல 2.5 செ.மீ. கனம், சின்ன ஊசி போட்டா மருந்து தோலுக்கடியிலயே தேங்கி மெதுவா ஊறும்.

டார்ட்ல தப்பில்லன்னா விலங்கோட மனநிலையப் பாருங்க. துரத்தி, பட்டாசு வெடிச்சு, ஊரே கூடிக் கத்தி, அதுக்கப்புறம் போட்ட டார்ட் சரியா வேலை செய்யாது. மிரண்டு கொதிச்சுப்போயிருக்கற உடம்புல சைலசின் தோத்துப்போகும். ஜூவில அமைதியா படுத்திருக்கற புலிக்குப் போதுமான மருந்து, காட்டுல ஓடவிட்ட புலிக்குப் போதாம போறது இதனாலதான். டார்ட் பட்டதும் எல்லாரும் வாய மூடிட்டு, வண்டி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு, இருந்த இடத்துலயே உக்காரணும். பின்னாடி ஓடினா அதுவும் ஓடும்.

2021 அக்டோபர்ல மசினகுடி பக்கம் டி23 புலிய மூணு வாரம் தேடினாங்களே, அதுக்கு 14ஆம் தேதி ராத்திரி டார்ட் போட்டும் இருட்டுல புதருக்குள்ள போயிடுச்சு, அடுத்த நாள் 15ஆம் தேதி மறுபடி தேடித்தான் உயிரோட பிடிச்சாங்க. ராத்திரியில மயக்கத்துல இருக்கற புலியத் தேடிப் புதருக்குள்ள ஆள அனுப்பறதவிட அது போகட்டும்னு விடறது சரின்னு நான் மனசார நம்பறேன்.

ரெண்டாவது டார்ட் வேணுமா, எவ்வளவு, எப்போங்கறது டாக்டர் முடிவு. முதல் டார்ட்ல பாதி போயிருந்தா அதக் கழிச்சுத்தான் கணக்கு வரும், அதுக்குத்தான் டார்ட்டத் தேடுங்கன்னு சொன்னது.

பாதி மயக்கத்துல தள்ளாடிட்டே நடக்குது

யானைன்னா இது சிக்கலே இல்ல, நமக்கு வேண்டியதே அதுதான். துதிக்கை தளந்து நீளமா தொங்கும், காது ஆட்டறது நிக்கும், சில நேரம் குறட்டைச் சத்தம் கேக்கும். நின்னபடியே இருக்கறப்பதான் கும்கிங்க ரெண்டு பக்கமும் நெருங்கி அணைச்சுக்கும், பாகன்கள் கால்ல கயிறு கட்டுவாங்க. 2023 ஏப்ரல் 29 கேரளா சின்னக்கானல்ல அரிக்கொம்பன்ங்கற காட்டு யானையப் பிடிச்சப்ப பல டார்ட் போட்டு, 4 கும்கி சேந்து, கொட்டற மழையில லாரியில ஏத்தினாங்க. டாப்சிலிப் கோழிக்கமுத்தி முகாம் கலீம் 99 ஆபரேஷன்ல நின்ன யானை, அந்த மாதிரி கும்கி பக்கத்துல இருந்தா மருந்து கம்மியாவே போதும், இது பாகன்கள்கிட்ட நான் கத்துக்கிட்டது.

சிறுத்தைன்னா ஆபத்து. தள்ளாடற சிறுத்தை நேரா உங்க மேலயே வந்து விழும். அது தரையில தலைய வெச்ச பிறகும் கொஞ்ச நேரம் பொறுங்க, அப்புறம் நீளமான மூங்கில் கழியால முதுகத் தொடுங்க, அப்புறம் காதுக்குள்ள லேசா தொடுங்க. காது துடிச்சா பின்னாடி வந்துடுங்க.

பக்கத்துல கிணறு, குளம், ஓடை, பாறைச் சரிவு இருந்தா டார்ட்டே போடக்கூடாது. முழங்கால் ஆழத் தண்ணியில மூக்கு கவுந்தாலே போச்சு. மரத்துல இருக்கற குரங்கு, சிறுத்தைக்கெல்லாம் கீழ வலை விரிக்காம போடக்கூடாது.

படுத்துடுச்சு, ஆனா மூச்சு சரியில்ல

இத நிதானமா படிங்க. மயக்கத்துல விலங்கு செத்துப்போறதுல பெரும்பாலானது மூச்சுலதான்.

ஒரு ஆள மூச்சுக்குன்னே வைக்கணும். அவர் போட்டோ எடுக்கக்கூடாது, கயிறு பிடிக்கக்கூடாது, கூட்டத்தப் பாக்கக்கூடாது. ஒரு கை மார்புல, ஒரு கண்ணு வாட்ச்ல, முழு ஒரு நிமிஷம் எண்ணணும். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கற கணக்கு இங்க ஆகாது, ஏன்னா கேடமின்ல மூச்சு இழுத்து அப்படியே நிறுத்தி வெச்சு அப்புறம் விடற மாதிரி வரும், 15 செகண்ட்ல ஒண்ணுமே வராமயும் போகும். சிறுத்தைக்கு நிமிஷத்துக்கு 10க்குக் கீழ இறங்கினா சத்தமா சொல்லணும். யானை சும்மா நிக்கறப்பவே 4லருந்து 6தான் விடும், அதனால யானைய எண்ணறவர் பதறவும் கூடாது, கவனத்த விடவும் கூடாது.

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு தேயிலைத் தோட்டத்து வேலியில கம்பிச் சுருக்குல மாட்டின பெண் சிறுத்தை. டார்ட் போட்டு, படுத்து, டாக்டர் காலுல இறுகின கம்பிய வெட்டிட்டு இருந்தாரு, எல்லார் கண்ணும் அந்தக் காயத்து மேல. மூச்சு எண்ணின வாட்சர் அண்ணன் மட்டும் "சார், நாக்கு"ன்னு ஒரே வார்த்தை சொன்னாரு. திரும்பிப் பாத்தா ரோஸா இருந்த நாக்கு ஈய நிறத்துக்கு மாறிட்டு இருந்துச்சு, நாங்க வெச்ச தலையணை மாதிரியான சாக்கு நழுவி கழுத்து மடிஞ்சு, தாடை நெஞ்சுல முட்டிட்டு இருந்துச்சு. டாக்டர் கம்பிய விட்டுட்டு கழுத்த நீட்டி நாக்க வெளிய இழுத்தாரு, ஒரு பெரிய மூச்சு வந்துச்சு, இன்னொண்ணு, அப்புறம் நாக்கோட ஓரத்துலருந்து ரோஸ் நிறம் உள்ள பரவிச்சு. மருந்து எதுவும் வேண்டியிருக்கல. அந்த அண்ணன் சாயந்திரம் வரைக்கும் சரியா பேசவே இல்ல.

அதனால வரிசை இதுதான்: கழுத்த நேரா நீட்டு, நாக்க ஒரு துணியால பிடிச்சு வெளிய இழு, வாயில நுரை, வாந்தி, மண்ணு இருந்தா துடைச்சு எடு, ஈறு நிறம் பாரு. ஈற விரலால அழுத்தி விட்டா 2 செகண்டுக்குள்ள ரத்தம் திரும்பணும். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தா மூக்குல குழாய் வை. நாக்குல மாட்டற ஆக்சிஜன் மீட்டர் 90க்குக் கீழ காட்டினா கவலைதான், ஆனா சைலசின் ரத்தக்குழாய சுருக்கறதால சில நேரம் மீட்டர் தப்பாவும் காட்டும், கிளிப்ப நகத்தி, நாக்க ஈரப்படுத்தி மறுபடி பாக்கணும், மீட்டர விட நாக்கு நிறத்த நம்புங்க. இதெல்லாம் பண்ணியும் மூச்சு வரலன்னா செயற்கை மூச்சு, மாற்று மருந்து, ரெண்டையும் டாக்டர் உடனே பாப்பாரு, அந்த நேரத்துல கேடமின் கரையட்டும்னு காத்துட்டு உக்கார முடியாது.

கேடமின்ல கண்ணு திறந்தபடியேதான் இருக்கும், அதனால மூச்சு சரியானதும் கண்ணுல களிம்பு போட்டு துணி கட்டுங்க. வெயில்ல திறந்து கிடந்த கண்ணு காஞ்சு புண்ணாகிடும்.

யானை நெஞ்ச கீழ வெச்சு படுத்துடுச்சு

ஓடுங்க. இதுக்கு மட்டும்தான் ஓடுங்கன்னு சொல்றேன். மத்த விலங்குக்கு நுரையீரல சுத்தி ஒரு இடைவெளி இருக்கும், யானைக்கு அந்த இடத்துல நாரு மாதிரி திசு ஒட்டியிருக்கு, நுரையீரல் விரியணும்னா மார்புக்கூடும் உதரவிதானமும் அசைஞ்சே ஆகணும். நெஞ்சு தரையில அழுந்தி, குடல் எடை முழுக்க முன்னாடி தள்ளினா அது அசையாது, நிமிஷக்கணக்குல உயிர் போகும். கயிறு போட்டு, கும்கி இருந்தா கும்கியால, உடனே பக்கவாட்டுல சாய்க்கணும். முடியலன்னா மாற்று மருந்து போட்டு எழுப்பணும், எவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்ட ஆபரேஷனா இருந்தாலும் சரி. சாய்ச்ச பிறகு துதிக்கைய நேரா நீட்டி வெச்சு, நுனியில மண்ணு அடைக்காம ஒரு ஆள் பாத்துக்கணும், அதுக்கு மூச்சுவழி அதுதான். ஒரே பக்கம் ரொம்ப நேரம் கிடக்கவும் விடக்கூடாது, அவ்வளவு எடையில அடிப்பக்கத் தசையும் நரம்பும் நசுங்கிடும்.

மான், காட்டுமாடு வயிறு உப்புது

அசை போடற விலங்க பக்கவாட்டுல படுக்க விட்டா வயித்துல வாயு வெளிய வராது. நெஞ்சுல நிமிர்த்தி உக்கார வைங்க, ரெண்டு பக்கமும் மூட்டை அண்டை கொடுங்க, தலை மேல இருக்கணும், மூக்கு மட்டும் கீழ பாக்கணும், அப்பத்தான் எதுக்களிச்சு வர்றது நுரையீரலுக்குள்ள போகாது. பக்கவாட்டுலதான் வைக்கணும்னா இடப்பக்கம் மேல இருக்கணும். ஏற்கனவே உப்பிடுச்சுன்னா குழாய் விடறது, மாற்று மருந்து சீக்கிரம் போடறது. யானைக்கு நெஞ்சு ஆகாது, மானுக்கு நெஞ்சுதான் ஆகும், ரெண்டையும் மாத்திடாதீங்க. ஜூவுல முன்கூட்டியே திட்டமிட்ட வேலைன்னா தீனிய எப்ப நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட கேட்டு கீப்பருக்கு முதல் நாளே சொல்லிடுங்க.

உடம்பு சுடுது

5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆசனவாயில தெர்மாமீட்டர். புலி, சிறுத்தைக்கு 38 டிகிரி செல்சியஸ ஒட்டி இருக்கும், 40 தாண்டினா தண்ணி எடுக்கணும், 41ன்னா வேலைய நிறுத்திட்டு எழுப்பற வழியப் பாக்கணும். தண்ணிய முதுகுல ஊத்தி பிரயோஜனம் இல்ல, முடி குறைவான அடிவயிறு, தொடை இடுக்கு, பாதம் இங்க ஊத்துங்க, ஐஸ் பை இருந்தா இடுக்குல வைங்க. யானைன்னா காது பின்பக்கம் நரம்பு புடைச்சிருக்கற இடத்துல. மருந்து உள்ள போனதும் உடம்பு தன் சூட்ட தானே சரி பண்ணிக்கற சக்தி போயிடுது, அதனால காலைல சீக்கிரம் ஆரம்பிச்சு வெயில் ஏறதுக்குள்ள முடிச்சிடணும். மதியம் 12 மணிக்கு மேலிடத்துலருந்து எவ்வளவு போன் வந்தாலும் "நாளைக்குக் காலைல சார்"னு சொல்ற தைரியம் டீம்ல ஒருத்தருக்காவது இருக்கணும். ராத்திரியில குட்டிங்க, சின்ன விலங்குங்களுக்கு இதே சிக்கல் தலைகீழா வரும், உடம்பு ஜில்லுன்னு போயிடும், போர்வை எடுத்துட்டுப் போங்க.

விறைச்சு, தலைய ஆட்டி, வலிப்பு மாதிரி வருது

மணி என்னன்னு பாருங்க. இது மாற்று மருந்து போட்டதுக்கு அப்புறம் வந்துச்சுன்னா, பெரும்பாலும் சீக்கிரம் போட்டுட்டோம்னு அர்த்தம். சைலசின் போயிடுச்சு, கேடமின் இன்னும் தனியா உள்ள இருக்கு, கேடமின் தனியா இருந்தா தசைய விறைக்க வைக்கும். கடைசி கேடமின் போட்டு 30, 40 நிமிஷமாவது போகட்டும்னு டாக்டருங்க காத்திருக்கறது இதுக்காகத்தான். இடையில கூடுதல் கேடமின் போட்டிருந்தா கணக்கு அதுலருந்து தொடங்கும், முதல் டார்ட்லருந்து இல்ல. வலிப்பு வந்தா டயசிபாம் மாதிரி மருந்து டாக்டர் போடுவாரு, நாம தலை கல்லுல இடிக்காம பாத்துக்கிட்டு, வெளிச்சம் சத்தம் குறைச்சு, சூடு ஏறுதான்னு பாக்கணும்.

மாற்று மருந்து போட்டும் எழுந்திரிக்கல, இல்ல எழுந்து மறுபடி படுத்துடுச்சு

கூண்டுக் கதவ சாத்தியே வைங்க. தலை தூக்கி, சத்தம் வர்ற பக்கம் பாத்து, நேரா நடக்கற வரைக்கும் காட்டுல விடக்கூடாது, பாதி மயக்கத்துல விட்ட மான செந்நாய் விடாது. எட்டார்ஃபின் மாதிரி ரொம்ப வீரியமான மயக்க மருந்துல மாற்று மருந்தோட வேலை முடிஞ்சு சில மணி நேரம் கழிச்சு மயக்கம் திரும்பும், அதனால அன்னிக்கு ராத்திரி முழுக்க ஆள் இருக்கணும். வயசான விலங்கு, ஏற்கனவே நோயுள்ள விலங்குன்னா எல்லாமே மெதுவாத்தான் நடக்கும்.

2024 பிப்ரவரி 2 கேரளா மானந்தவாடியில பிடிச்ச தண்ணீர் கொம்பன்ங்கற யானை அடுத்த நாளே பந்திப்பூர்ல செத்துப்போச்சு. அதுக்கு சில வாரம் முன்னாடிதான் ஹாசன் பக்கம் அத ஒரு தடவை பிடிச்சு இடம் மாத்தியிருந்தாங்க. ஒரு விலங்கப் பிடிக்கறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ பிடிச்சாங்க, ரேடியோ காலர் இருக்கா, பழைய காயம் இருக்கான்னு பக்கத்து மாநிலத்துக்கும் போன் போட்டுக் கேளுங்க.

எல்லாம் நல்லா முடிஞ்சுது, ரெண்டு நாள் கழிச்சு செத்துடுச்சு

இது புள்ளிமான்லதான் அதிகம் பாத்திருக்கேன். ஒரு இடத்துல ஒரு ஆண் மான வேற அடைப்புக்கு மாத்த, டார்ட் போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மூலைக்கு மூலை விரட்டியிருந்தாங்க. டார்ட், மாத்தறது, எழுப்பறது எல்லாம் அழகா நடந்துச்சு, கை தட்டினாங்க. மறுநாள் காலைல அது பின்னங்கால் விறைச்சு நின்னுட்டு இருந்துச்சு, கழுத்து ஒரு பக்கம் வளைஞ்சிருந்துச்சு, சிமெண்டுத் தரையில அது பெய்ஞ்ச மூத்திரம் டிகாஷன் நிறத்துல இருந்துச்சு. தசை அழிஞ்சு அந்தச் சிவப்புச் சத்து சிறுநீரகத்த அடைச்சிடுச்சு. குளுக்கோஸ், வைட்டமின் ஈ செலினியம், எல்லாம் போட்டோம். மூணாம் நாள் விடியக்காலைல போயிடுச்சு. அத விரட்டினப்ப நானும் ஒரு பக்கம் கைய விரிச்சு நின்னேன்.

இதுக்கு வைத்தியம் அபூர்வமாத்தான் பலிக்கும், தடுக்கத்தான் முடியும். ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல ஓடவிடாதீங்க, வாய் திறந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சா அன்னிக்கு வேலைய விட்டுடுங்க. மான் வகைக்கு தீவனம் வெச்சு தானா உள்ள வரவைக்கற அடைப்பு இருந்தா டார்ட்டே வேண்டாம். செத்தாலும் பிரேதப் பரிசோதனை பண்ணணும், யானை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி செத்த ஒவ்வொரு யானையையும் அறுத்துப் பாக்கணும்னு பிடிவாதமா இருந்ததாலதான் நமக்கு இன்னிக்கு இவ்வளவாவது தெரியுது.

மருந்து மனுஷன் மேல பட்டுடுச்சு

கண்ணுல, வாயில, வெட்டுக்காயத்துல தெறிச்சா உடனே நிறைய தண்ணியில கழுவணும். ஊசி குத்திடுச்சுன்னா அந்த ஆள் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாலும் உக்கார வைங்க, நடக்க விடாதீங்க, தனியா விடாதீங்க. எட்டார்ஃபின் மார்ஃபின விட ஆயிரம் மடங்குக்கு மேல வீரியம், அது இருக்கற இடத்துல மனுஷனுக்கான மாற்று மருந்து நலாக்சோன் பெட்டியில இல்லாம மூடியே திறக்கக்கூடாது. சைலசினுக்கு மனுஷனுக்குன்னு மாற்று மருந்து கிடையாது, மூச்சப் பாத்துக்கிட்டே ஆஸ்பத்திரி போகணும். 108 வண்டிய ஆபரேஷன் ஆரம்பிக்கும்போதே பக்கத்துல நிறுத்திடுங்க.

டீம்ல ஒவ்வொருத்தர் சட்டைப் பையிலயும் ஒரு சீட்டு இருக்கணும்: மருந்து பேரு, ஒரு டார்ட்ல எத்தனை மில்லி, எத்தனை மில்லிகிராம், டாக்டர் நம்பர். தாலுகா ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டருக்கு யானை மருந்து பத்தித் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, அந்தச் சீட்டு அவருக்குத்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி டார்ட் எண்ணுங்க. எடுத்துட்டு வந்தது 6, கையில இருக்கறது 5ன்னா யாரும் வண்டி ஏறக்கூடாது. புல்லுல கிடக்கற ஒரு வெடிக்காத டார்ட்ல முழு மருந்து இருக்கும், வாலுல இருக்கற சிவப்புக் குஞ்சத்தப் பாத்து மாடு மேய்க்க வர்ற குழந்தை கையில எடுக்கும். வரிசையா நின்னு, ஒரு கை இடைவெளியில, சுட்ட இடத்துலருந்து விலங்கு படுத்த இடம் வரைக்கும் நடந்து தேடுங்க, கிடைக்கலன்னா அடுத்த நாள் வெளிச்சத்துல வந்து மறுபடி தேடுங்க.